மாதக்கணக்கில் தியானம் செய்ய வெளிநாட்டு பௌத்த மடாலயம்: தேர்ந்தெடுப்பது எப்படி?

எங்காவது ஒரு மடாலயத்தில் இரண்டு மூன்று மாதம் தங்கித் தியானம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்ததும், நம்மில் பலரும் முதலில் செய்வது படம் பார்ப்பதுதான். மரங்களுக்கு நடுவே ஒரு குடில், விடியற்காலையில் வரிசையாக நடந்து போகும் பிக்குகள், மலையில் இறங்கும் பனி. அந்த அழகெல்லாம் உண்மைதான். ஆனால் மூன்றாவது வாரத்தில் மனம் முரண்டு பிடிக்கும்போது அது கைகொடுக்காது. உங்களுக்கு என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். அதனால் எந்த இடத்தைப் பற்றி விசாரித்தாலும் இந்தக் கேள்வியை முதலில் வையுங்கள்: என் பயிற்சியைப் பற்றி நான் யாரிடம், எந்த மொழியில், எத்தனை நாளைக்கு ஒருமுறை பேச முடியும்?

முதல்முறை போனபோது நான் இதைக் கேட்காமல் போனேன். அந்த மடாலயத்தின் தலைமை பிக்கு பெரிய ஆசான், கனிவானவர். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. மொழிபெயர்த்துச் சொன்ன இளம் பிக்கு பதினோராம் நாள் வேறு ஊருக்குப் போய்விட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்து, உட்கார்ந்தாலே நெஞ்சுக்குள் ஒரு இறுக்கம் வர ஆரம்பித்தது, பயமாகவும் இருந்தது. ஆசிரியர் முன்னால் போய் உட்கார்ந்து, கையை நெஞ்சில் வைத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு சிறிய தைலப் புட்டியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். அந்த அன்பை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த இறுக்கத்தோடு எப்படி உட்காருவது என்பது எனக்கு அடுத்த ஆண்டு வேறொரு இடத்தில்தான் தெரிந்தது.

முதலில் ஒரு பத்து நாள்

இதுவரை தொடர்ந்து ஒரு வாரம்கூட மௌனமாக உட்கார்ந்தது இல்லை என்றால், மூன்று மாதத்துக்கு மனு போடாதீர்கள். முதலில் ஒரு பத்து நாள் வகுப்பை முழுதாக முடியுங்கள். பர்மாவின் (இன்றைய மியான்மர்) மண்டலேயில் பிறந்த எஸ். என். கோயங்கா பரப்பிய பத்து நாள் விபாசனா வகுப்புகள் பல நாடுகளில் நடக்கின்றன. விபாசனா என்றால் உடலிலும் மனதிலும் நடப்பதை உள்ளபடி கவனிக்கும் தியானம். கட்டணம் கிடையாது, ஒரு வகுப்பையாவது முடித்தவர்களிடம்தான் நன்கொடை வாங்குவார்கள். தெற்குத் தாய்லாந்தில் புத்ததாசர் என்ற பிக்கு 1932-இல் தொடங்கிய சுவான் மோக் மடாலயத்தைச் சேர்ந்த சர்வதேசத் தியான இல்லமும், மாதத்தின் முதல் நாட்களில் நடக்கும் வெளிநாட்டவருக்கான வகுப்புக்குப் பெயர்பெற்றது.

பத்து நாளில் உங்களைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்துவிடும். முழங்காலும் இடுப்பும் எவ்வளவு தாங்கும், மாலையில் சாப்பிடாமல் இருக்க முடிகிறதா, பேசாமல் இருக்கும்போது மனம் எந்தப் பக்கம் ஓடுகிறது. பல மடாலயங்கள் ‘இதற்கு முன் எங்கே பயிற்சி செய்தீர்கள்’ என்றுதான் முதலில் கேட்கும். அதற்கும் உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.

மடாலயம் வேறு, தியான மையம் வேறு

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். இரண்டிலும் பிக்குகள் இருப்பார்கள், இரண்டிலும் தியானம் நடக்கும். ஆனால் அன்றாட வாழ்க்கை முற்றிலும் வேறு.

மியான்மரின் யாங்கோனில் இருக்கும் மஹாசி சாசன யெய்க்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது தியான மையம். 1947-இல் தொடங்கி, 1949 முதல் பர்மிய ஆசான் மஹாசி சயாடோ அங்கே கற்பித்தார். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, ஒரு மணி நேரம் அமர்வு, ஒரு மணி நேரம் நடை, மறுபடி அமர்வு என்று இரவு வரை போகும். சமைப்பது, பரிமாறுவது எல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் வேலை கவனிப்பது மட்டும்தான். குறிப்பிட்ட நாட்களில் ஆசிரியரிடம் போய், நடந்ததைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கம், வடகிழக்குத் தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் இருக்கும் வாட் பா நானாசாட். தாய்லாந்துக் காட்டுத் துறவி மரபின் ஆசான் அஜான் சா 1975-இல், ஆங்கிலம் பேசும் பிக்குகள் பயிற்சி பெறுவதற்காகவே ஏற்படுத்திய காட்டு மடாலயம் அது. விடியலுக்கு முன் மணி அடிக்கும். ஓதல், கூட்டுத் தியானம், பிச்சை ஏற்கப் போதல், ஒரே வேளை உணவு, பெருக்குதல், துலக்குதல், மாலையில் மீண்டும் கூட்டம். நடுவில் குடிலில் தனியாக உட்காரலாம். அதை யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். அங்கே பயிற்சி என்பது அந்த வாழ்க்கை முழுவதும்தான்: துடைப்பத்தைப் பிடிப்பதும் பயிற்சி, மூத்தவருக்கு வழிவிடுவதும் பயிற்சி. சில நாட்களுக்கு மேல் தங்கும் ஆண் விருந்தினர்கள் தலை, தாடி, புருவம் எல்லாவற்றையும் மழித்துக்கொள்வது அங்கே வழக்கம்.

நாள் முழுக்கத் தீவிரமாக உட்கார ஆசைப்பட்டுக் காட்டு மடாலயத்துக்குப் போனவர், ‘பாதி நாள் பெருக்குவதிலேயே போகிறது’ என்று வருந்துவார். துறவு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பியவர் தியான மையத்துக்குப் போனால், ஆசிரியரைத் தவிர ஒரு பிக்குவோடுகூடப் பேசாமல் திரும்புவார். உங்களுக்கு எது வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். இடம் எங்கேயும் ஓடிவிடாது.

எந்தப் பயிற்சி முறை

இலங்கை, தாய்லாந்து, மியான்மர் ஆகிய நாடுகளின் பௌத்தமான தேரவாதம் ஒன்றுக்குள்ளேயே முறைகள் நிறைய. மஹாசி முறையில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து, வந்து போகும் ஒவ்வொன்றையும் மனதுக்குள் குறித்துக்கொண்டே போவீர்கள். மியான்மரின் மாவ்லமைன் பக்கத்தில் இருக்கும் பா அவுக் காட்டு மடாலயத்தில் முதலில் மூச்சில் மனத்தை ஆழமாக ஒருமுகப்படுத்தச் சொல்வார்கள், விபாசனா அதற்கப்புறம்தான். அதற்கு மாதங்கள் ஆகலாம். யாங்கோனின் ஷ்வே ஊ மின்னில் உ தேஜனியாவின் வழி இன்னும் தளர்வானது: உட்கார்ந்தாலும், சாப்பிட்டாலும், துணி துவைத்தாலும் மனம் என்ன மனநிலையில் கவனிக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்வார்.

இலங்கையில் மீதிரிகலவின் நிஸ்ஸரண வனய மஹாசி முறையோடு நெருங்கியது. குருநாகல் மாவட்டத்தின் நா உயன ஆரண்யத்தில் பா அவுக் முறை வேரூன்றியிருக்கிறது. கண்டிக்கு அருகே மலையில் இருக்கும் நில்லம்பே ஒரு மடாலயம் அல்ல. இல்லறத்தார் நடத்தும் மையம். அங்கே நெடுங்காலம் கற்பித்த காட்வின் சமரரத்ன ஒரு பிக்கு அல்லர். கண்டிப்பான இடத்துக்கு நேரடியாகப் போகத் தயங்குபவர்களுக்கு இப்படிப்பட்ட இடம் நல்ல படிக்கட்டு.

கிழக்காசியாவிலும் திபெத்திலும் பரவிய மகாயான பௌத்தத்தின் பக்கம் போனால், கொரியாவின் சியோன் (ஜென்) மடாலயங்களில் கோடையில் மூன்று மாதம், குளிரில் மூன்று மாதம் என்று கட்டுக்கோப்பான தியானப் பருவங்கள் உண்டு. வெளிநாட்டவர் சேரக்கூடிய முசாங்சா போன்ற இடங்களும் இருக்கின்றன. வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1982-இல் பிரான்சில் தொடங்கிய பிளம் வில்லேஜில் பாட்டு, கூட்டுநடை, பேச்சு எல்லாம் கலந்த சமூக வாழ்க்கை. முழு மௌனத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நேபாளத்தின் கோபன் மடாலயத்தில் நவம்பரில் நடக்கும் ஒரு மாத வகுப்பில் திபெத்திய மரபின் போதனைகளைக் கேட்டுச் சிந்திப்பதற்கே பெரும்பங்கு நேரம் போகும்.

இவற்றில் எது உயர்ந்தது என்று தேடிக்கொண்டிருந்தால் ஒரு வருடம் போய்விடும். உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் பழகிய முறை எதுவோ, அதையே ஆழமாகச் செய்யும் இடத்தை முதல் நீண்ட வாசத்துக்கு எடுங்கள். போன இடத்தில் ஒரு முறை, மனதுக்குள் இன்னொரு முறை என்று இருப்பதுபோல் களைப்பு வேறில்லை. ஆசிரியருக்கும் அது சிரமம்.

எப்போது போவது

தேரவாத நாடுகளில் ஜூலைப் பௌர்ணமி வாக்கில் தொடங்கி அக்டோபர்ப் பௌர்ணமி வரை மூன்று மாதம் மழைக்கால வாசம். பிக்குகள் ஊர் ஊராகப் போகாமல் ஒரே இடத்தில் தங்குவார்கள். ஆசிரியர் கண்டிப்பாக இருப்பார் என்பது இதில் பெரிய வசதி. இடம் நிறைந்துவிடும் என்பது சிரமம். சில மடாலயங்கள் அந்தக் காலத்தில் புதியவர்களை எடுக்கவே மாட்டா. இங்கிலாந்தின் அமராவதி, கலிபோர்னியாவின் அபயகிரி போன்ற அஜான் சா வழி மடாலயங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை துறவிகளின் குளிர்கால ஏகாந்தம். பொதுவாக அப்போது விருந்தினர் தங்க முடியாது. மியான்மரில் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் உள்ளூர் மக்களே தற்காலிகமாகத் துறவு பூண்டு மையங்களை நிறைத்துவிடுவார்கள். வெயிலும் உச்சத்தில் இருக்கும்.

நாடும் விசாவும்

மியான்மரைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விபாசனாவுக்கு அந்த நாடு தாய்வீடு. ஆனால் 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு அங்கே ஆயுத மோதல்கள் தொடர்கின்றன. 2025 மார்ச்சில் சகைங், மண்டலே பகுதியைப் பெரிய நிலநடுக்கமும் உலுக்கியது. உங்கள் நாட்டு அரசின் பயண எச்சரிக்கையைப் படிக்காமல் முடிவெடுக்காதீர்கள். முதல்முறை போகிறவர் அதே முறையை இலங்கையிலோ தாய்லாந்திலோ நேபாளத்திலோ கற்பிக்கும் இடத்தைப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து. உதாரணத்துக்கு, மஹாசி சயாடோவின் சீடர் உ பண்டிதாவின் வழியில் நேபாளத்தின் லும்பினியிலேயே ஒரு தியான மையம் இருக்கிறது.

விசா விதிகள் கடவுச்சீட்டைப் பொறுத்து மாறும், அடிக்கடியும் மாறும். அதனால் தூதரகத்தின் இன்றைய அறிவிப்பை மட்டும் நம்புங்கள். மடாலயத்திடம் இரண்டு விஷயம் கேளுங்கள். தியானத்துக்காகத் தங்குகிறார் என்று பரிந்துரைக் கடிதம் தருவீர்களா? விசாவை நீட்டிக்க எவ்வளவு தூரம் போக வேண்டும்? ஐம்பதாம் நாள் மனம் கொஞ்சம் அடங்கி வரும்போது, பேருந்து ஏறி ஒரு முழு நாள் வரிசையில் நிற்க நேர்ந்தால் அந்த அமைதி திரும்ப ஒரு வாரம் ஆகும். முடிந்தவரை, தங்கும் காலம் முழுவதுக்குமான விசாவைப் புறப்படுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

கடிதம் எழுதுவது

இரண்டு அல்லது மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, குறைந்தது நான்கு மாதம் முன்பே எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வயது, தொழில், இதுவரை செய்த பயிற்சி, எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள், உடல்நிலை, உண்ணும் மருந்துகள். உங்கள் ஆன்மிக அனுபவங்களை விவரிக்க வேண்டாம். அதற்குப் பதிலாக இப்படி எழுதினால் போதும்: ‘நான் ஓராண்டாகத் தினமும் காலையில் நாற்பது நிமிடம் மூச்சைக் கவனிக்கிறேன். பத்து நாள் வகுப்பு இரண்டு முறை முடித்திருக்கிறேன். முதுகுவலி இருப்பதால் சில அமர்வுகளில் நாற்காலி தேவைப்படும். எண்சீலங்களைக் கடைப்பிடிக்கச் சம்மதம்.’ எண்சீலம் என்பது தங்குபவர் ஏற்கும் எட்டு ஒழுக்க விதிகள்.

அதே கடிதத்தில் உங்கள் கேள்விகளையும் கேளுங்கள். ஆசிரியரைத் தனியாகச் சந்திப்பது எத்தனை நாளைக்கு ஒருமுறை? எந்த மொழியில்? நான் தங்கும் காலத்தில் அவர் மடாலயத்தில் இருப்பாரா? புகழ்பெற்ற ஆசிரியர்கள் ஆண்டில் பல மாதம் வெளிநாட்டில் வகுப்பு எடுக்கப் போய்விடுவார்கள். அவர் பெயரை நம்பிப் போனவர் அவரைப் பார்க்காமலேயே திரும்புவதுண்டு.

பதில் தாமதமாக வந்தால் கோபப்பட வேண்டாம். அலுவலக வேலையை ஒரே ஒரு பிக்குவோ தொண்டரோ பார்ப்பார். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பெருமையை மட்டும் எழுதி வரும் பதிலைச் சந்தேகியுங்கள். ‘இத்தனை நாளில் இந்த நிலையை அடையலாம்’ என்று உறுதி கொடுக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். போதனைக்குக் கட்டணம், மேல்நிலைப் போதனைக்கு அதிகக் கட்டணம் என்று சொல்லும் இடத்துக்கும் வேண்டாம். வீட்டாரோடு தொடர்பை முற்றாகத் துண்டிக்கச் சொன்னாலோ, ஆசிரியரைப் பற்றிக் கேள்வி கேட்டாலே பாவம் என்றாலோ, நடுவில் கிளம்ப முடியாது என்றாலோ அங்கே அடி எடுத்து வைக்காதீர்கள். காவி உடுத்தியிருக்கிறார் என்பதற்காக நம் புத்தியைக் கழற்றி வைக்கத் தேவையில்லை.

பெண்கள் தனியாகக் கேட்க வேண்டியவை

‘பெண்களுக்கும் இடம் உண்டு’ என்ற ஒரு வரியோடு நிற்காதீர்கள். தங்குமிடம் எங்கே, இரவில் நடந்து போகும் தூரம் எவ்வளவு, ஆசிரியரைச் சந்திக்கும் வாய்ப்பு ஆண்களுக்குச் சமமாக இருக்கிறதா, மூத்த பெண் துறவி யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். வினயம் எனப்படும் துறவிகளின் ஒழுக்க விதிப்படி ஒரு பிக்கு ஒரு பெண்ணோடு மறைவான இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. அதனால் சந்திப்பில் இன்னொருவரும் இருப்பார். அப்படி இல்லாமல் தனியே வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தாய்லாந்தில் பிக்குவின் கையில் பெண்கள் எதையும் நேரடியாகத் தர மாட்டார்கள்; அவர் விரிக்கும் துணியின் மேல் வைப்பார்கள். இலங்கையில் 1990-களின் இறுதியில், பெண்கள் பிக்குகளைப் போல முழுத் துறவு ஏற்கும் பிக்குணி மரபு மீண்டும் துளிர்த்தது. தாய்லாந்தின் சங்க நிர்வாகம் அதை ஏற்கவில்லை. அங்கே பெண் துறவிகளில் பெரும்பாலோர் வெள்ளை உடுத்திய மே சீக்கள், முழுத் துறவு ஏற்ற பிக்குணிகள் அல்லர். பெண்ணாசிரியர் வேண்டும் என்றால் இந்த வேறுபாடு முக்கியம்.

உடலும் மனமும்

எண்சீலத்தில் நண்பகலுக்குப் பிறகு உணவு இல்லை. சர்க்கரை நோய்க்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள், உணவோடு சேர்த்து மாத்திரை சாப்பிடுபவர்கள், தங்கள் மருத்துவரிடம் இந்த அட்டவணையைக் காட்டிப் பேசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். உடல்நிலைக்காக மாலையில் எதாவது சாப்பிட அனுமதி தரும் ஆசிரியர்கள் பலர் உண்டு, முன்கூட்டியே கேட்டால்தான். சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிச்சை ஏற்று உண்ணும் தேரவாத மடாலயங்களில் மக்கள் கொடுப்பதுதான் உணவு. அதில் மீனும் இறைச்சியும் வரும். கொரிய மடாலயங்களிலும் பிளம் வில்லேஜிலும் அந்தக் கவலை இல்லை. அப்புறம் கொசு. டெங்கு பரவும் நாடுகள் இவை; வலை, காப்பீடு, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம் என்ற தகவல், மூன்றும் வேண்டும்.

மனத்தைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நீண்ட மௌனம் எல்லாருக்கும் இதமாக இருக்காது. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பௌத்தத் தியானம் செய்பவர்களையும் ஆசிரியர்களையும் பேட்டி கண்டு, பயம், பதற்றம், தூக்கமின்மை, தான் தானாக இல்லாத உணர்வு போன்ற பல கடினமான அனுபவங்களைப் பதிவு செய்தது. மனச்சோர்வுக்கோ பிற மனநோய்க்கோ சிகிச்சை பெறுபவர்கள் அதை மடாலயத்திடம் மறைக்கவே கூடாது. மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. ‘இப்போது நீண்ட வாசம் வேண்டாம்’ என்று ஒரு ஆசிரியர் சொன்னால், அவர் உங்களைத் தள்ளவில்லை, காக்கிறார். தொடர்ந்து சில இரவுகள் தூக்கமே வரவில்லை என்றால் பயிற்சித் தீவிரத்தைக் குறைத்து, அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

பணம்

தேரவாத மடாலயங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை, தானம்தான். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால் கணக்குப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. நீங்கள் உண்ணும் சோறு, பக்கத்துக் கிராமத்துக்காரர் விடியலில் எழுந்து வடித்தது. உங்களால் இயன்ற தொகையைப் புறப்படுவதற்கு முன்பே ஒதுக்கி வையுங்கள். வினயத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கும் பிக்குகள் பணத்தைத் தொட மாட்டார்கள். உண்டியலிலோ நிர்வாகம் பார்க்கும் இல்லறத்தாரிடமோ கொடுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

காலையில் போய்ச் சேருமாறு பயணத்தைத் திட்டமிடுங்கள். மாலையில் போனால் சாப்பாடு முடிந்திருக்கும், அலுவலகத்திலும் ஆள் இருக்க மாட்டார். தோளும் முழங்காலும் மூடும் தளர்வான வெள்ளை உடை இரண்டு மூன்று, கைவிளக்கு, கழற்ற எளிதான செருப்பு, சிறிய கடிகாரம் போதும். செல்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. அவசரத்துக்கு அழைக்க மடாலயத்தின் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

முதல் சந்திப்பில் மொத்தக் காலத்துக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். ‘இரண்டு வாரம் இருந்து பார்க்கிறேன், பிறகு உங்களிடம் பேசி முடிவு செய்கிறேன்’ என்று சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். திரும்பும் பயணச்சீட்டும் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். அந்த இரண்டு வாரத்துக்குள் சலிப்பும் கோபமும் வீட்டு நினைப்பும் வரும். அவற்றுக்காகக் கிளம்ப வேண்டாம், அது எங்கே போனாலும் வரும். சொன்னதை ஆசிரியர் காது கொடுத்துக் கேட்கிறாரா, கேட்டதற்கு ஏற்றபடி அறிவுரை மாறுகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் மரியாதையாகச் சொல்லிவிட்டு, பட்டியலில் இருக்கும் அடுத்த இடத்துக்குப் போகலாம்.

கிளம்பும் நாளில் அறையைப் பெருக்கி, போர்வையைத் துவைத்துக் காயவைத்து மடித்து வையுங்கள். ஆசிரியர் முன் மண்டியிட்டு, தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழையைப் பொறுக்கும்படி கேட்டுவிட்டுக் கிளம்புவது தேரவாத மரபு. சொல்ல வேண்டிய பாலி வரிகளை யாரிடமாவது முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே விமானம் ஏற வேண்டாம். பக்கத்து ஊரில் இரண்டு நாள் அமைதியாகத் தங்கி, கடைத்தெரு சத்தத்துக்குக் காது பழகிய பிறகு வீட்டுக்குப் போங்கள். வேலைக்குத் திரும்ப அதற்கப்புறமும் ஒரு வாரம் கைவசம் இருக்கட்டும்.